மன்னருக்கு என்ன கொடுப்பது?

2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம். நோன்புப் பெருநாள் கழிந்து ஐந்தாறு நாள்களே ஆகியிருந்தன. இஷா தொழுதுவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். இங்கிலாந்தில் குடியிருக்கும் என் மகள் வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவள் ஒன்பது வயதுப் பேத்தி. ஸலாம் சொன்ன கையோடு, நலம் விசாரிப்பதற்குக்கூட இடம் கொடாமல் ஒரு கேள்வியைப் போட்டாள்.

"அப்பா, ராஜாவுக்குப் பரிசு கொடுக்கணும்னா நீங்க என்ன கொடுப்பீங்க?"

(எங்கள் ஊர்ப் பக்கத்தில் தகப்பனாரை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டா.)

மே 6 ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா நடைபெறவிருந்தது. அதனையொட்டி அவள் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். மன்னரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் என்ன பரிசு கொண்டு செல்வாய் என்று படம் வரைந்து, அதன் கீழே நான்கு வரிகள் எழுதி, மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். நான் விடை யோசிப்பதற்குள் அவளே தன் விடையைச் சொல்லிவிட்டாள்.

"நான் எழுதிட்டேன் அப்பா. மை ஒழுகாத பேனா!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். செய்தி பார்க்கும் பழக்கமுடையவர்களுக்கு அந்த நிகழ்ச்சி நினைவிருக்கும். எலிசபெத் அரசியார் 2022 செப்டம்பர் 8 ஆம் நாள் மறைந்தார். ஐந்து நாள்களுக்குப் பின், வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ கோட்டையில் வருகையாளர் ஏட்டில் புதிய மன்னர் கையொப்பமிட்டார். முதலில் தேதியைத் தவறாக எழுதிவிட்டார். அதை அருகிலிருந்தோர் சுட்டிக்காட்ட, அடுத்த கணமே பேனாவின் மை கசிந்து விரல்களில் அப்பிக்கொண்டது. அந்தப் பேனாவைக் கடிந்துகொண்டே, கையைத் துடைத்தவாறு அவர் எழுந்து சென்றதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. தாயை இழந்து ஒரு வாரம்கூட ஆகாத, எழுபத்து மூன்று வயது மனிதரின் அலுப்பு அது. ஆனால் உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மகள் பேசினாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"வாப்பா, நீங்களாவது சொல்லுங்க. நம்ம பிள்ளை ராஜாவைக் கேலி பண்ணுதுன்னு டீச்சர் நினைச்சா என்ன ஆகும்? வகுப்புல தட்டம் போட்டுப் போற பிள்ளை இவ ஒருத்திதான். இன்னொன்னும் சொல்றா. ராஜாவைப் பார்த்தா முழங்காலை மடக்கிக் குனியணும்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். அல்லாஹ்வுக்கு மட்டும்தானே குனியணும்னு கேட்டுட்டு வந்திருக்கா."

அயல்நாட்டில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாயின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆகவே பாட்டனார் என்ற பதவிக்குரிய குரலில் தீர்ப்பு வழங்கினேன். "பெரியவர்களைக் கேலி செய்வது அதபு ஆகாது அம்மா. அதை அழித்துவிட்டுத் தங்கக் கிரீடம் என்று எழுது."

"கிரீடம் அவர்கிட்ட இருக்கே அப்பா. அதுவும் ரொம்பக் கனமாம்."

உண்மைதான். முடிசூட்டும் வேளையில் சூட்டப்படும் புனித எட்வர்ட் மகுடம் 1661 இல் செய்யப்பட்டது. எடை இரண்டு கிலோவுக்கும் மேல். அதை வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் எதற்கு? எனினும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "உம்மா சொல்கிறபடி கேள்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "சரி அப்பா" என்று ஒரு சிறு குரல் கேட்டது.

அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். மன்னர்களுக்கு மனிதர்கள் என்னென்ன கொடுத்தார்கள் என்ற எண்ணம், ஒன்றன் பின் ஒன்றாகப் பழைய பாடங்களை இழுத்துக்கொண்டு வந்தது. அவற்றோடு கூடவே ஒரு தூக்குச் சட்டியும் வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மன்னரின் தாயார் எலிசபெத் 1947 நவம்பர் 20 ஆம் நாள் மணமுடித்தபோது இளவரசியாக இருந்தார். அந்தத் திருமணத்துக்கு 2,500 க்கும் மேற்பட்ட பரிசுகள் வந்து குவிந்தன. அப்பொழுது போர் முடிந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. இங்கிலாந்தில் துணிக்கும் பங்கீட்டுச் சீட்டு. மணமகளின் ஆடைக்குத் துணி போதாமற் போய்விடுமோ என்று கவலைப்பட்டு, நாடெங்கும் இருந்த ஏழைப் பெண்கள் தங்கள் பங்கீட்டுச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பினார்கள். ஒருவர் சீட்டை மற்றொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் ஆகையால், அவை யாவும் அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு ஐந்நூறு பெட்டி அன்னாசிப் பழத் தகர டப்பாக்களை அனுப்பியது. மணப்பெண்ணுக்கு ஐந்நூறு பெட்டி அன்னாசி! நம் வீட்டுத் திருமணத்தில் ஒருவர் இப்படி வந்து இறக்கினால், சம்பந்தி வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதே திருமணத்துக்கு இந்தியாவிலிருந்து சென்ற இரண்டு பரிசுகளை என் வகுப்பில் நான் பல முறை சொன்னதுண்டு. ஒன்று, ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அனுப்பியது. 1937 இல் டைம் இதழ் அட்டையில் படம் போட்டு உலகின் பெருஞ்செல்வர் என்று கொண்டாடிய மனிதர் அவர். இன்ன நகை என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இளவரசியே வந்து விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று கார்ட்டியர் நகைக்கடைக்குச் சொல்லிவிட்டார். இளவரசி ஒரு வைர அட்டிகையும் ஒரு தலையணியும் எடுத்துக்கொண்டார். மற்றொன்று காந்தியடிகள் அனுப்பியது. தம்மிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லையே என்று தயங்கியவரிடம், நீங்கள் நூற்ற நூலிலேயே ஏதேனும் செய்து அனுப்பலாமே என்று மவுண்ட்பேட்டன் பிரபு யோசனை கூறினார். அவ்வாறே அடிகள் தம் கையால் நூற்ற பருத்தி நூலில் பின்னிய துணி ஒன்று அரண்மனைக்குச் சென்றது. பரிசுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது அதைக் கண்ட மணமகளின் பாட்டியார் மேரி அரசியார், காந்தியார் கட்டும் கோவணத் துணி என்று நினைத்து முகம் சுளித்ததாகச் சொல்வார்கள்.

இவ்விரண்டும் பின்னர் என்னவாயின? நிஜாமின் தலையணி 1973 இல் பிரிக்கப்பட்டு, அதன் வைரங்கள் வேறொரு மகுடத்தில் பதிக்கப்பட்டன. அட்டிகை இருக்கிறது. 2014 இல் இளவரசர் வில்லியத்தின் துணைவியார் கேத்தரின் அதை அணிந்து விழாவொன்றுக்கு வந்தார். காந்தியாரின் துணியோ? அரசியார் மறைந்தபோது இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வெளியிட்ட இரங்கற் செய்தியில், தம்முடனான சந்திப்பு ஒன்றில் அரசியார், மகாத்மா தம் திருமணத்துக்கு அளித்த கைக்குட்டையை எடுத்துக் காட்டியதாகக் குறிப்பிட்டிருந்தார். பாட்டியார் கோவணம் என்று எண்ணியதைப் பேத்தி அத்தனை ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

விலங்குகளைக் கொடுப்பதும் அரச குலங்களுக்கிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். பக்தாதின் கலீபா ஹாரூன் அர்ரஷீது, ஐரோப்பாவின் பேரரசர் சார்லமேனுக்கு அபுல் அப்பாஸ் என்ற யானையை அனுப்பினார். சார்லமேன் 797 இல் அனுப்பிய தூதர் மூவரில் இருவர் பயணத்திலேயே இறந்துவிட, எஞ்சிய ஈசாக்கு என்ற யூதர் ஒருவரே யானையை நடத்திக்கொண்டு 802 இல் ஆகன் நகர் போய்ச் சேர்ந்தார். அந்த யானை எட்டாண்டுகள் வாழ்ந்தது. எலிசபெத் அரசியாருக்கும் 1972 இல் ஒரு யானை வந்தது. அவருடைய திருமண வெள்ளி விழாவுக்காகக் கேமரூன் நாட்டு அதிபர் அளித்த ஏழு வயதுக் களிறு அது. பெயர் ஜம்போ. அரண்மனை முற்றத்தில் யானையைக் கட்டுவதற்கு இது என்ன நம் ஊர் மிராசுதார் வீடா? லண்டன் விலங்குக் காட்சி சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பெட்டி நத்தை ஓடுகள், ஒரு டசன் சூரை மீன் டப்பாக்கள், ஏழு கிலோ இறால் என்று அரசியாருக்கு வந்த வேறு சில பரிசுகளையும் அரண்மனையே பட்டியலிட்டிருக்கிறது. ஏழு கிலோ இறாலைக் கொண்டுவந்த அன்பரைத்தான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர் நம் கடற்கரைப் பக்கத்து மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது.

பரிசு பெறுகிறவர் முகம் மலர வேண்டும் என்பது அரச மரபு. ஆயினும் சில வேளைகளில் நாக்கு முந்திக்கொள்கிறது. 2015 ஜூன் மாதம் பெர்லினில் ஜெர்மானிய அதிபர் காவுக், அரசியாருக்கு ஓர் ஓவியம் அளித்தார். அரசியார் சிறுமியாகக் குதிரைமேல் அமர்ந்திருக்க, தந்தையார் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. குதிரையின் நிறமோ நீலம். அரசியார் உற்றுப் பார்த்துவிட்டு, குதிரைக்கு இது வேடிக்கையான நிறமாக இருக்கிறதே என்றார். பிறகு, இது என் தந்தையாரா என்று வினவினார். அதிபர் சங்கடப்பட்டு, ஓவியம் பிடிக்காவிட்டால் பாதாம் இனிப்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சமாளித்தார். ஒரு வல்லரசின் தலைவர், விருந்தாளி வீட்டுப் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் அதே வழியில் இறங்கிவிட்டதைப் பாருங்கள்!

இவ்வளவு பதற்றம் எதனால்? பரிசினால் மட்டுமன்று, அதைச் சுற்றிக் கட்டப்பட்ட ஒழுங்குமுறைகளால். முதல் முறை பேசும்போது மாட்சிமை தங்கியவரே என்று விளிக்க வேண்டும், அடுத்தடுத்து ஐயா என்றோ அம்மையே என்றோ சொன்னால் போதும். அவர்கள் கை நீட்டினாலன்றி நாம் கை நீட்டலாகாது. தொட்டுவிடக் கூடாது. 1992 இல் ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங், அரசியாரை வழிநடத்திச் செல்கையில் முதுகில் கை வைத்துவிட்டார் என்று லண்டன் நாளேடுகள் துள்ளிக் குதித்தன.

ஒழுங்குமுறைக்கு அஞ்சிய மனிதர்களுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் தாமஸ் டாலம் என்ற கைவினைஞர். அவர் கதையை வகுப்பில் சொன்னால் கடைசி வரிசை மாணவர்கூடத் தலை நிமிர்ந்து கேட்பார்கள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி, துருக்கி சுல்தான் மூன்றாம் முஹம்மதுக்கு ஒரு பரிசு அனுப்ப விரும்பினார். செலவை ஏற்றுக்கொண்டது துருக்கியோடு வாணிபம் செய்த லண்டன் வணிகர் குழு. பல குழல்கள் பொருத்திய ஓர் இசைக் கருவி, அதனுடன் கடிகாரம். நாளொன்றுக்குச் சில முறை தானாகவே இசைக்கும், இசை முடிந்ததும் மேலேயுள்ள புதரில் செயற்கைப் பறவைகள் பாடிச் சிறகடிக்கும். அதைச் செய்தவரே டாலம். 1599 இல் அதைக் கப்பலேற்றிக்கொண்டு அவரும் இஸ்தான்புல் சென்றார். பெட்டியைத் திறந்து பார்த்தால், கப்பலின் அடித்தளத்து வெப்பத்தில் பசையெல்லாம் விட்டுப் போய், குழல்கள் நசுங்கிக் கிடந்தன. பாவம், பல நாள்கள் உட்கார்ந்து பழுது பார்த்தார்.

காட்ட வேண்டிய நாள் வந்தது. கருவி தானாக இசைத்தது, பறவைகள் பாடின, சுல்தான் மகிழ்ந்தார். அத்துடன் விட்டாரில்லை. இதைக் கையாலும் வாசிக்கக்கூடியவர் எவரேனும் உண்டா என்று கேட்டார். டாலம் அழைக்கப்பட்டார். சிக்கல் அங்கேதான். கருவியை வாசிக்க வேண்டுமானால் சுல்தானுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். சுல்தானுக்கு முதுகு காட்டுவதோ உயிருக்கே ஆபத்தான குற்றம். மறுக்கவும் முடியாமல், செய்யவும் துணியாமல் தவித்து, கடைசியில் உட்கார்ந்துவிட்டார். இடம் மிகக் குறுகியது. அவர் காற்சட்டை சுல்தானின் முழங்காலில் உரசியது. விரல்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பதற்காகச் சுல்தான் எழுந்தபோது டாலமின் மேல் இடித்துவிட்டார். வாளை உருவுகிறார், இத்தோடு தலை போயிற்று என்று டாலம் நினைத்துக்கொண்டே வாசித்தார். வாசித்து முடித்ததும் முதுகுக்குப் பின்னால் நீண்ட கையில் இருந்தவை பொற்காசுகள். நாற்பத்தைந்து காசுகள்! அதன்பின் அரண்மனையார் அவரை அங்கேயே தங்கிவிடச் சொல்லி வற்புறுத்த, ஊரில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லித் தப்பி வந்தார். அவருக்கு அப்போது திருமணமே ஆகவில்லை. எல்லாவற்றையும் தம் நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

டாலமின் அச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், என் பேத்தியின் இரண்டாவது கேள்விக்கு நான் விடையே சொல்லவில்லை என்பது உறைத்தது. மக்காவின் கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற முஸ்லிம்களைப் பிடித்துக் கொண்டுவரக் குறைஷிகள் இருவரை அனுப்பினார்கள். வெறுங்கையோடு அனுப்பவில்லை. மக்காவிலிருந்து வருவனவற்றில் நஜ்ஜாஷி மன்னருக்கு மிகவும் பிடித்தவை தோல் பொருள்கள் என்று அறிந்து, மன்னருக்கும் அவருடைய அவையினர் ஒவ்வொருவருக்கும் தோல் பொருள்களைக் கொடுத்தனுப்பினார்கள். பெறுபவரின் விருப்பம் அறிந்து கொடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை மறுக்க முடியாது. அவை கூடியது. ஏன் மன்னருக்கு ஸஜ்தா செய்யவில்லை என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வைத் தவிர வேறு எவருக்கும் நாங்கள் ஸஜ்தா செய்வதில்லை என்று ஜஃபர் (ரலி) அவர்கள் அமைதியாக விடை கூறினார்கள். கையில் பரிசு இல்லாமல், நாடு இல்லாமல், அடைக்கலம் தேடி வந்தவர் சொன்ன விடை அது. நஜ்ஜாஷி மன்னர் அவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். வந்த பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

இங்கிலாந்து அரண்மனையும் இன்று இதில் கடுமை காட்டுவதில்லை. அரச குடும்பத்தாரைச் சந்திக்கும்போது கட்டாயமான நடத்தை விதிகள் எவையும் இல்லை, மரபைப் பின்பற்ற விரும்புவோர் பின்பற்றலாம், கைகுலுக்கினாலும் போதும் என்று அவர்களே தெரிவித்திருக்கிறார்கள். இதைப் பேத்திக்குச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. நானோ உம்மா பேச்சைக் கேள் என்று முடித்துவிட்டேன்.

பரிசைத் திருப்பி அனுப்பும் மரபு நஜ்ஜாஷியோடு தொடங்கியதும் அன்று. ஸபா நாட்டு அரசி அனுப்பிய அன்பளிப்புகளை சுலைமான் நபி (அலை) அவர்கள் ஏற்க மறுத்ததைத் திருமறை கூறுகிறது. நம் ஆலிம்கள் ஜும்ஆவில் அடிக்கடி எடுத்துச் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள்.

ஹலரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், அவர்களுடைய துணைவியார் உம்மு குல்தூம் அவர்கள் ரோமாபுரிப் பேரரசிக்குச் சிறிது நறுமணப் பொருள் அனுப்பினார்கள். அரசுத் தபாலில் சென்றது. பதிலுக்குப் பேரரசியிடமிருந்து விலையுயர்ந்த மாலை ஒன்று வந்தது. கலீபா அவர்கள் மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். மாலை அம்மையாருக்கே உரியது என்று பலரும் கூறினர். ஆனால் கலீபாவோ, தூது சென்றவர் முஸ்லிம்களின் தூதர், தபாலும் முஸ்லிம்களின் தபால் என்று சொல்லி மாலையைப் பைத்துல் மாலில் சேர்த்துவிட்டு, துணைவியார் நறுமணத்துக்குச் செலவிட்ட தொகையை மட்டும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அன்று இரவு என்ன பேச்சு நடந்தது என்று வரலாறு குறிப்பிடவில்லை. குடும்பஸ்தர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

லண்டன் அரண்மனையில் வரும் பரிசுகள் பற்றி நடந்த விசாரணையின் பின், 2003 இல் திருத்தப்பட்ட விதிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. பதவியை முன்னிட்டு வரும் பரிசு மன்னரின் சொந்தச் சொத்து ஆகாது. அதை அவர் அணியலாம், பயன்படுத்தலாம். விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. அப்படியானால் மன்னருக்கென்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் அந்த மனிதருக்குப் போய்ச் சேருவதே இல்லை. சிம்மாசனத்துக்குப் போகிறது, காட்சி சாலைக்குப் போகிறது, பெட்டகத்துக்குப் போகிறது.

இதனால்தானோ என்னவோ, அரச குடும்பத்தார் தங்களுக்குள் பரிசு வழங்கிக்கொள்ளும்போது விலையுயர்ந்த பொருளைத் தேடுவதில்லை என்கிறார்கள். மலிவாகவும் சிரிப்பு மூட்டும்படியும் இருப்பதே அவர்களிடம் செல்லுமாம். கேத்தரின் தம் முதல் கிறிஸ்துமஸ் விழாவில், எல்லாம் உடைய அரசியாருக்கு என்ன கொடுப்பது என்று கலங்கியதை 2016 இல் வந்த ஆவணப்படம் ஒன்றில் சொல்லியிருக்கிறார். கடைசியில் தம் பாட்டியின் கைப்பக்குவத்தில் இனிப்புச் சட்னி செய்து கொடுத்தாராம். கேலிக்கு ஆளாவோமோ என்று அஞ்சியபடியே இருந்தாராம். மறுநாள் உணவு மேசையில் அந்தச் சட்னி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டபோதுதான் அவருக்கு உயிர் வந்தது.

இனி அந்தத் தூக்குச் சட்டி.

1962 ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. நான் படித்த பள்ளியில் புதிய கட்டடம் திறந்துவைக்க மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு அவர்தான் மன்னர். வகுப்பில் முதல் மாணவன் என்பதால் மாலை போடும் பொறுப்பு எனக்கு. செய்தி கேட்ட என் உம்மா, தஹஜ்ஜுத் நேரத்திலேயே எழுந்து, தேங்காய்ப்பால் பிழிந்து, முட்டையும் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து வட்டிலப்பம் அவித்துத் தூக்குச் சட்டியில் வைத்து வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். மாலை போட்டதும் இதைக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை.

பள்ளியில் ஒழுங்குமுறை வேறாக இருந்தது. மாலை, எலுமிச்சம்பழம், வெள்ளித் தட்டு, வரவேற்பு மடல் என்று எல்லாம் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. என் கையிலிருந்த சட்டியைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், "இதையெல்லாம் அவர் தொடுவாரா?" என்று சிரித்து, அதை வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார். நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். விழா முடிந்தது. அதிகாரி போய்விட்டார். சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் என் தோழர் இருவரும் குளத்தங்கரைக்குப் போனோம். மூவருமாக வட்டிலப்பத்தைத் தின்று தீர்த்தோம். குளத்து நீரில் சட்டியைக் கழுவி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

"சாப்பிட்டாரா வாப்பா?" என்று கேட்டார்கள் உம்மா. எங்கள் வழக்கில் மகனையும் செல்லமாக வாப்பா என்று அழைப்பதுண்டு.

"கேட்டு வாங்கி ரெண்டு தடவை சாப்பிட்டார்" என்றேன்.

அந்தப் பொய்யை உம்மா இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தார்கள். கலியாண வீடுகளில், கத்னா வீடுகளில், எவரேனும் வட்டிலப்பத்தைப் புகழ்ந்தால், துரை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வட்டிலப்பம் இது என்பார்கள். நான் அருகில் இருந்தால் என்னைப் பார்த்துச் சாட்சியும் கேட்பார்கள். ஆமாம் என்பேன். 1987 இல் அவர்கள் மௌத்தாகும் வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆட்டின் குளம்பு ஒன்றை அன்பளிப்பாகத் தந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று கூறிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தில் பிறந்த நான், ஒரு பெஞ்சுக்கு அடியில் கிடந்த சட்டியை அறிந்திருந்தும், என் பேத்தியின் பேனாவை அழிக்கச் சொல்லிவிட்டேனே என்றுதான் அன்று இரவு முழுவதும் புரண்டுகொண்டிருந்தேன். அவள் கேலி செய்யவில்லை. ஒரு கிழவரின் விரலில் மை ஒட்டியதைக் கண்டு, அவருக்கு எது இல்லை என்று யோசித்திருக்கிறாள். மகுடங்களுக்கு நடுவில் அதை யோசித்தவர்கள் அந்த வகுப்பில் எத்தனை பேர்?

மறுநாள் லுஹருக்கு முன், அங்கே காலை எட்டு மணி ஆகும் நேரம் கணக்கிட்டு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. மாலையில் மகளே அழைத்தாள். கிரீடம் வரைந்து கொடுத்தாயிற்று என்றும், வகுப்பில் பதினேழு பிள்ளைகள் கிரீடமே வரைந்திருந்தார்கள் என்றும் சொன்னாள். பேத்தியிடம் கொடுக்கச் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். குனிவது பற்றியும் ஜஃபர் (ரலி) அவர்களைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். தூக்குச் சட்டியைப் பற்றியும் சொன்னேன். அறுபது ஆண்டுகளில் அதை நான் சொன்னது அதுவே முதல் முறை.

"அப்போ ராஜாவுக்கு நானே எழுதலாமா அப்பா?" என்றாள்.

அவள் உம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். மகள் முதலில் தயங்கினாள். பின்னர் முகவரியை அவளே எழுதிக் கொடுத்தாளாம். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அந்தக் கடிதம் அஞ்சலில் போவதற்கு முன் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஸலாம் சொல்லித் தொடங்கி, மை ஒழுகாத பேனா ஒன்றைப் படம் வரைந்து, பாகங்களுக்கு அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தாள். கடிதம் முழுவதும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பேனாவைப் பார்த்தா அவருக்குக் கோபம் வரும்ல அப்பா" என்றாள்.